யார் காலடியில் நாற்று முடி

பேசாமல் இருப்பதில் நாகேஸ்வரனை மிஞ்ச ஆள் கிடையாது. தஞ்சாவூரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்பில் முக்கால் மணி நேரம் தொண்டை வறளப் பேசுவான். ரயிலேறி வந்து பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி, கீழமங்கலத்து வீட்டுக்குள் காலை வைத்ததும் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். அப்பா எதைச் சொன்னாலும் ஒரு தலையாட்டல். ஊரில் அதற்கு 'நல்ல பிள்ளை' என்று பெயர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டே முப்பத்து நான்கு வயது வரை ஓட்டிவிட்டான்.

கல்யாணத்தின்போதும் அப்படித்தான் நின்றான். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து காயாரோகணம் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தான். நாகேஸ்வரன் நாகப்பட்டினத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில் ஒரே பெஞ்சில் நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவனைப் பந்தலுக்கு வெளியே, வண்டிக்காரர்களோடு கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். மணவறையிலிருந்து நாகேஸ்வரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காயாரோகணமோ சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, "பாயசம் பிரமாதம்டா நாகு" என்று சிரித்துவிட்டுப் போனான்.

கழக ஆட்சி வந்து, நில உச்சவரம்பை முப்பது ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதுமே கீழமங்கலத்து மிராசுதார்கள் விழித்துக்கொண்டார்கள். ஒருவர் வண்டிக்காரன் பேருக்குக் கிரயம் எழுதினார். ஒருவர் கோயில் மடப்பள்ளிக்காரர் பேருக்கு எழுதினார். நாகேஸ்வரனின் அப்பா ராமச்சந்திரையர் அவர்களைவிட நிதானக்காரர். உள்ளூர்க்காரன் பேருக்கு எழுதி, நாளைக்கு அவன் நிஜமாகவே என்னுடையது என்று நின்றுவிட்டால் என்ன செய்வது? ஒருநாள் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே மகனைக் கேட்டார்.

"நாகப்பட்டணத்துல உன்னோட படிச்சானே, அந்தப் பையன். அவன் தோப்பனார் பேர் என்னடா?"

"சிவசாமி" என்றான் நாகேஸ்வரன்.

எதற்கு என்று கேட்கவில்லை. எதற்கு என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. கிரயப் பத்திரத்தில் விற்கிறவர் கையெழுத்துப் போட்டால் போதும், வாங்குகிறவர் போட வேண்டியதில்லை. வடக்கு வாய்க்காலை ஒட்டிய மூன்று ஏக்கர் நஞ்சை, 'சிவசாமி மகன் காயாரோகணம்' பேருக்குப் போயிற்று. காயாரோகணம் அப்போது கடலில் வலை போட்டுக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. ஆனால் அந்த மூன்று ஏக்கரையும் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த பஞ்சநதம் சும்மா இருக்கவில்லை. சிவப்புக் கொடி கட்டிய சங்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் பினாமி நிலங்களைத் தோண்டிக்கொண்டிருந்த சமயம் அது. உபரி என்று தீர்ப்பானால் உழுகிறவனுக்கே கிடைக்கும் என்றார்கள். பஞ்சநதம் மனுவில் கைநாட்டு வைத்தார். மனு மேலே போய், நோட்டீஸாகக் கீழே இறங்கி, நாகப்பட்டினத்துக் குப்பத்தில் காயாரோகணத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவனும் அவன் மனைவி ராஜம்மாளும் கீழமங்கலத்தில் வந்து நின்றார்கள். அவன் கரை போட்ட பட்டு வேட்டியில் இருந்தான். அவள் கையில் ஒரு சீப்புப் பூவன்பழமும் வெற்றிலைபாக்கும் இருந்தன. ஐயர் வீட்டுக்குப் போகிறோம், மீன் வாடை அடிக்கக்கூடாது என்று சீயக்காய் போட்டு இரண்டு தடவை தலைமுழுகியிருந்தாள். அதை அவளே மதுரத்திடம் சொன்னாள். நாகேஸ்வரனின் மனைவி மதுரம் பழச்சீப்பை வாங்கிக்கொண்டு பாயை விரித்தாள்.

காயாரோகணம் ஓடிவந்து நாகேஸ்வரனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "நீ மறக்கலைடா நாகு! நீ மறந்துட்டேன்னு நான்தான் நெனச்சுட்டேன். நோட்டீஸு வந்ததும் எனக்குக் கையி ஓடலை, காலு ஓடலை. என் பேருல மூணு ஏக்கர்! ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்லடா?"

நாகேஸ்வரனுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது.

இருவரும் பத்தாவது படிக்கும்போது சிவசாமி கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆறாம் நாள், மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த காயாரோகணத்தின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நாகேஸ்வரன் சொல்லியிருந்தான்: "அழாதடா. நான் பெரியவனானதும் எங்க ஊர்ல உனக்கு வயல் வாங்கித் தரேன். நீ கடலுக்குப் போக வேண்டாம்." வாழ்க்கையில் அவன் யோசிக்காமல் பேசியது அந்த ஒரு தடவைதான். மறு வாரம் காயாரோகணம் பள்ளிக்கூடத்தை விட்டுக் கட்டுமரம் ஏறினான். நாகேஸ்வரன் பரீட்சை எழுதினான், சொன்னதை மறந்தான். சொல்லப்பட்டவன் ஒருநாளும் கேட்டதில்லை, ஒருநாளும் மறந்ததுமில்லை. நோட்டீஸில் 'உண்மையான உடையவர் யார் என்பது குறித்து' என்று இருந்த வரியை அவன் படித்தும் பொருட்படுத்தவில்லை. சர்க்கார் ஏதாவது இப்படித்தான் கேட்கும் என்று நினைத்துக்கொண்டான்.

'உட்கார், வரேன்' என்று உள்ளே போன நாகேஸ்வரனை அப்பா சமையலறை வாசலில் மறித்தார்.

"கேட்டுண்டுதான் இருந்தேன். இது பகவான் செயல்டா. இவனுக்குப் பாடம் சொல்லிக் குடுத்து, பொய் சொல்ல வெச்சு, நடுவுல அவன் உளறி... எவ்வளவு பயந்துண்டிருந்தேன் தெரியுமா? இவன் நெஜமாவே நம்பறான். விசாரணையில நெஞ்சைத் தட்டி என்னோடதும்பான். ஒரு வார்த்தை சொல்லிடாதே. எல்லாம் முடிஞ்சப்புறம் மெதுவா எழுதி வாங்கிக்கலாம்."

"அப்பா, அவன்..."

"நாலு தலைமுறையா இந்த வயல்ல எறங்கி நின்னவன் நான். உன்னை மாதிரி சம்பளக்காரன் இல்லை. அதுவும் போயிட்டா நான் யாருடா?" என்றார் கிழவர். குரல் உடைந்தது. அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோனவர், அவ்வளவுதான். பயந்தவர்கள் அடுத்தவன் தோளில் ஏறித்தான் நிற்கப் பார்ப்பார்கள்.

நாகேஸ்வரன் தலையாட்டினான்.

காயாரோகணத்துக்கு வயலைப் பார்க்க வேண்டும். பார்க்காமல் போவானா? மூன்று பேருமாக வடக்கு வாய்க்கால் கரையோடு நடந்தார்கள். புரட்டாசி மாதம், சம்பா நடவு. பஞ்சநதத்தின் மனைவி அம்சம் முன்னால் நிற்க, பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேற்றில் குனிந்திருந்தார்கள்.

அந்த ஊரில் ஒரு பழக்கம். முதல் நாள் நடவுக்கு உடையவர் வந்தால், நடுகிற பெண்கள் கற்றையாகக் கட்டிய ஒரு நாற்று முடியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைப்பார்கள். வைத்தால் அவர் தாண்டக்கூடாது. மடியை அவிழ்த்துக் காசு கொடுத்த பிறகுதான் நகரலாம். ராமச்சந்திரையர் வருஷா வருஷம் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார். கொடுக்காமல் இருந்ததில்லை.

அம்சம் நாற்று முடியோடு கரையேறினாள். எதிரே இரண்டு ஆண்கள். வழக்கப்படி நாகேஸ்வரன் பக்கம்தான் திரும்பினாள். அதற்குள் ராஜம்மாள், "எங்க வயலுங்க! இவுக பேருலதான் இருக்கு" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

நடவு நின்றது. பஞ்சநதம் வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நாகேஸ்வரனைப் பார்த்தார். அம்சமும் பார்த்தாள். கையிலிருந்த முடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. நாகேஸ்வரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அம்சம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாற்று முடியைக் காயாரோகணத்தின் காலடியில் வைத்தாள்.

அவன் பூரித்துப்போனான். இருந்ததே ஐந்து ரூபாய் நோட்டு ஒன்றுதான், அதை அப்படியே கொடுத்தான். பஞ்சநதத்திடம் போய், "அண்ணே, நான் கடல்ல கிடக்கிறவன். எனக்கு இதெல்லாம் தெரியாது. எப்பவும்போல நீங்களே பாத்துக்குங்க. உங்களை யாரும் வயலை விட்டுப் போன்னு சொல்ல மாட்டாங்க, நான் இருக்கேன்" என்றான். பஞ்சநதம் ஊன்றியிருந்த மண்வெட்டியைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "சரிங்க" என்றார்.

ராஜம்மாள் அந்த முடியிலிருந்து நாலைந்து நாற்றைப் பிரித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு பானையில் வைத்து வளர்ப்பாளாம். "உப்புத்தண்ணி ஆவாதுண்ணே. நான் நல்லதண்ணி தூக்கிட்டு வந்து ஊத்துவேன்" என்றாள். ஸ்டேஷனில் ரயில் வரும்வரை நாற்பது நிமிஷம் இருந்தது. நாகேஸ்வரன் அந்த நாற்பது நிமிஷமும் நெல் ரகங்களைப் பற்றிப் பேசினான்.

அன்றிலிருந்து பதினேழாம் நாள் விசாரணை. தாலுகா கச்சேரியில் ஒரு நீள மேஜைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். ஒருபக்கம் ராமச்சந்திரையரும் அவர் வக்கீலும், இன்னொரு பக்கம் பஞ்சநதமும் அம்சமும். கதவோரம் நாகேஸ்வரன். அவனைப் பார்த்ததுமே ராஜம்மாள் கிசுகிசுப்பாகச் சொன்னாள்: "நாத்து பச்ச புடிச்சிருச்சுண்ணே. மூணு இலை புதுசா விட்டிருக்கு." நாகேஸ்வரனுக்கு இரண்டு வாரமாகச் சரியாகத் தூக்கமில்லை. அந்த மூன்று இலை அவனை என்னவோ செய்தது.

"சிவசாமி மகன் காயாரோகணம்!"

காயாரோகணம் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"நிலம் யாருடையது?"

"என்னுதுங்க."

"எழுபது மைல் தள்ளி இருக்கற மீனவர். உங்களுக்கு எதுக்கு இங்கே நிலம்?"

"என் சிநேகிதன் வாங்கிக் குடுத்ததுங்க. எங்கப்பா கடல்ல போனப்ப வாக்குக் குடுத்தான். பத்தொன்பது வருஷம் கழிச்சு செஞ்சிருக்கான்" என்று திரும்பி நாகேஸ்வரனைக் காட்டினான். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் பொய் என்று சொல்ல முடியாது. அதிகாரியாலும் முடியவில்லை.

"அந்த நிலத்தைப் பார்த்திருக்கீங்களா?"

"பாத்தேங்க. காலடியில நாத்து முடி வச்சாங்க. காசு குடுத்தேன்."

வக்கீல் துள்ளி எழுந்தார். "உடையவருக்கு மட்டும்தான் சார் அப்படி வைப்பாங்க. ஊரறிஞ்ச வழக்கம். வச்ச அம்மாவே இங்கே இருக்காங்க."

அதிகாரி அம்சத்தைப் பார்த்தார். "நீங்க இவர் காலடியிலயா வச்சீங்க?"

"ஆமாங்க" என்றாள் அம்சம். பஞ்சநதம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மனு போட்டவன் பெண்டாட்டியே மனுவைக் கவிழ்த்துவிட்டாள்.

"அப்போ இவர்தான் உடையவர்னு ஒத்துக்கறீங்க?"

"நான் எங்கங்க ஒத்துக்கிட்டேன்? அந்தம்மா எங்க வயலுன்னாங்க. சின்னய்யா பக்கத்துலயே நின்னாரு. இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லலை. அவரு சொல்லாதப்ப நான் என்னங்க பண்றது? வச்சேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார். ராமச்சந்திரையரின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு வரி எழுதினால் முடிந்துவிடும். நாகேஸ்வரன் எப்போதும்போல நின்றால் போதும். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம், அதில் சிரமமே இல்லை. ஆனால் காயாரோகணம் இன்னும் அவனையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் ஆறு மாதத்தில் இதே சிரிப்போடு வந்து, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவான். ஏன் என்றுகூடக் கேட்க மாட்டான்.

"சார்" என்றான் நாகேஸ்வரன். வகுப்பறைக் குரல் வந்தது. "அது அவனோடது இல்லை. எங்கப்பாவோடது. உச்சவரம்புக்காக எழுதினது. இவனுக்கு ஒண்ணுமே தெரியாது. இவனோட அப்பா பேரைச் சொன்னது நான். நான் எதுவும் வாங்கிக் குடுக்கலை."

வக்கீல் உட்கார்ந்தார். ராமச்சந்திரையர் மகனை ஒரு தடவை பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் வெளியே போனார். அந்த முதுகைப் பார்க்க நாகேஸ்வரனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

வாசலில் புங்கமரத்தடியில் காயாரோகணம் நின்றான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

"நெலம் போனாப் போவுதுடா. நான் கேட்டா வந்தேன்?" என்றான். "எங்கப்பா பேரை எதுக்குடா குடுத்தே? செத்துப்போன மனுசன். அவரு பேருதாண்டா எங்க வீட்ல இருக்கு. வேற ஒண்ணும் கிடையாது."

நாகேஸ்வரன் வாயைத் திறந்தான். பேசக் கற்றுக்கொண்டு அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதற்குள் வார்த்தை தீர்ந்துவிட்டது. காயாரோகணம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். பின்னால் போன ராஜம்மாள் திரும்பி, "அந்த நாத்தை என்ன பண்றதுண்ணே?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அம்சம் அந்த ஐந்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே ஓடினாள். ராஜம்மாள் வாங்க மறுப்பதும், இரண்டு பெண்களும் ஏதோ பேசுவதும் தூரத்தில் தெரிந்தது.

அந்த வருஷம் நாகேஸ்வரன் காயாரோகணத்துக்கு நான்கு கடிதம் போட்டான். நான்கிலும் மன்னிப்புக் கேட்டான். ஒன்றுக்கும் பதில் இல்லை. வீட்டில் அப்பா மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. ஆனால் நாகேஸ்வரன் பேசினான். அவரிடமிருந்து பதிலே வராது என்று தெரிந்தும், அன்றைக்கு வகுப்பில் நடந்ததை, ரயில் தாமதமானதை, கடைத்தெருவில் பார்த்ததை எல்லாம் சாப்பிடும்போது சொல்லிக்கொண்டே இருந்தான். வீட்டில் குரல் கேட்பது நன்றாக இருக்கிறது என்று மதுரம் சொன்னாள். நிலம் உபரி என்று உத்தரவாயிற்று. பட்டா கைக்கு வர நாளாகும் என்றார்கள், ஆனால் பஞ்சநதம் குத்தகை அளப்பது நின்றது.

அடுத்த புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பஞ்சநதம் வந்தார். "நாளைக்கு நடவுங்க. நாகப்பட்டணத்துலேருந்து அவுகளும் வராக. அன்னிக்கே அம்சம் சொல்லிட்டா, காசைத் திருப்பி வாங்காட்டி வருசா வருசம் நடவுக்கு வரணும்னு. யாரையோ புடிச்சு கடுதாசியும் எழுதிட்டா" என்றார். பிறகு, "சொல்லணும்னு தோணிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உள்ளேயிருந்து ராமச்சந்திரையர், "வடக்கு மூலையில தண்ணி நிக்காதுன்னு சொல்லுடா அவன்கிட்ட. அங்க வரப்பை ரெண்டு தடவை பூசணும்" என்றார். கைவிட்டுப் போன வயலுக்கு அவர் சொன்ன யோசனை அது.

காலையில் நாகேஸ்வரன் போனபோது நடவு பாதிக்குமேல் ஆகியிருந்தது. ராஜம்மாள் முழங்கால் சேற்றில் நின்று கோணல்மாணலாக நட்டுக்கொண்டிருந்தாள். பெண்கள் அவளை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "பானையில நாலு கதிரு வந்துச்சுண்ணே! குருவி தின்னுட்டுப் போயிருச்சு" என்று நேற்றுப் பார்த்தவள் மாதிரி கத்தினாள். காயாரோகணம் வரப்பில் நின்று நாற்று முடிகளை வயலுக்குள் வீசிக்கொண்டிருந்தான். வலை வீசுகிற கை அது, ஒவ்வொரு முடியும் குறி தப்பாமல் நடுகிறவள் பக்கத்தில் போய் விழுந்தது. அவன் நாகேஸ்வரனைப் பார்த்தான். அடுத்த முடியை எடுத்து வீசினான்.

திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது நாகேஸ்வரனுக்கு. போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான். மிராசுதார் வீட்டுப் பிள்ளை, பிறந்ததிலிருந்து வரப்பில் நின்றதோடு சரி. நாலு அடி வைப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறினான். ஒரு நாற்று முடியை எடுத்துக்கொண்டு வரப்பேறி, மண்வெட்டியோடு நின்ற பஞ்சநதத்தின் காலடியில் வைத்தான்.

"உடையவரே, காசு" என்றான்.

பஞ்சநதம் பதறிப் பின்னால் நகர்ந்தார். "ஐயையோ, என்னங்க சின்னய்யா இது!"

"தாண்டக்கூடாது. குடுத்துட்டுதான் நகரணும்."

அம்சம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வயலே சிரித்தது. பஞ்சநதம் கூச்சத்தில் நெளிந்து, மடியைத் தடவி, ஒரு ஒற்றை ரூபாய் நாணயத்தை எடுத்து, கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் அந்தச் சேற்றுக் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

நாகேஸ்வரன் திரும்பினான். காயாரோகணம் வீசுவதை நிறுத்தியிருந்தான். வரப்போடு நடந்து வந்து, சேறு அப்பிய உள்ளங்கையை நீட்டினான்.

"பாதி எனக்குடா" என்றான். "போன வருசம் நான் அஞ்சு ரூவா குடுத்திருக்கேன்."